இதனால் என்ன பிரயோசனம்?

நம் வீடுகளில் பிள்ளைகளிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். அதற்கு அடுத்தபடியாக வருவது, "இதனால என்னா பிரயோசனம்?" பையன் கித்தார் வாங்கினால் இந்தக் கேள்வி வரும். மகள் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படம் வரைந்தால் வரும். உறுமி மேளக் குழுவில் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக வரும். டியூஷனுக்குப் போனால் மட்டும் வராது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலருக்கு இதைக் கேட்டுக் கேட்டே காது புளித்திருக்கும். "பெரியவங்களுக்கு ஒன்னும் புரியாது" என்று தள்ளிவிடத் தோன்றும். அப்படித் தள்ளிவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அது நியாயமான கேள்வி. ஒரு மனிதனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு இளமை. அதை எதில் செலவு செய்கிறான் என்று, அவன்மேல் அக்கறை உள்ளவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் ஒப்புக்குச் சொல்லும் பதில்கள். ஒழுங்கான பதில் ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

என் விஷயத்தில் அந்தக் கேள்விக்குக் காரணம் ஒரு சைக்கிள். படிவம் மூன்று முடித்து, பி.எம்.ஆர். தேர்வும் எழுதிவிட்டு, ஆண்டு இறுதி விடுமுறையில் கார் கழுவும் கடையில் வேலை செய்தேன். அந்தச் சம்பளத்தில் 350 வெள்ளிக்குப் பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பள்ளிக்குப் போக அல்ல. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரவும் அல்ல. பின்னால் உட்கார இடம் இல்லை, முன்னால் கூடை இல்லை. அந்தச் சைக்கிளில் நான் ஒரு இடத்துக்கும் போனதில்லை. கிள்ளானில் எங்கள் தாமானில் இருந்த சிமெண்ட் பூப்பந்துத் திடலில் வட்டம் வட்டமாகச் சுற்றினேன். ஆறு வருடம் சுற்றினேன்.

அப்பா துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். அவர் கேட்டது நேரடியான கேள்வி: "ஒரே எடத்துல சுத்துறதுக்கு எதுக்குடா சைக்கிளு? இதனால என்னா பிரயோசனம்?" அம்மா கேட்டது வேறு: "கைய கால ஒடச்சிக்கிட்டு வந்தினா யாருடா பார்க்கிறது?"

அப்போது இரண்டும் ஒரே கண்டிப்பு மாதிரிதான் எனக்குக் கேட்டது. இப்போது பார்த்தால் இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்று பயனைப் பற்றியது. இன்னொன்று விலையைப் பற்றியது. இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அது என்ன விளையாட்டு?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பி.எம்.எக்ஸ். என்பது 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் பிறந்தது. மோட்டார் சைக்கிளில் மண்மேட்டில் பந்தயம் விடும் பெரியவர்களைப் பார்த்து, பிள்ளைகள் தங்கள் சின்னச் சைக்கிளில் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். 20 அங்குலச் சக்கரம், கனமான சட்டம், உயரமான கைப்பிடி. அதுதான் ஆரம்பம்.

பந்தயம் ஓட்டிய பிள்ளைகளில் சிலருக்கு, முதலில் வருவதைவிடச் சைக்கிளை வைத்து என்னென்ன செய்யலாம் என்பதில் ஆசை வந்தது. பாப் ஹாரோ என்ற இளைஞரை 'ஃப்ரீஸ்டைலின் தந்தை' என்று சொல்வார்கள். 1970களின் கடைசியில் அவர் செய்து காட்டிய வித்தைகள்தான் இதைத் தனி விளையாட்டாக வளர்த்தன. 1982-ல் வந்த 'இ.டி.' படத்தில் பையன்கள் சைக்கிளில் தப்பி ஓடும் காட்சி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்தக் காட்சியில் ஸ்டண்ட் ஓட்டியவர்களில் ஹாரோவும் ஒருவர்.

ஃப்ரீஸ்டைலிலும் பல பிரிவுகள் உண்டு. வளைந்த மேடைகளில் ஏறி ஆகாயத்தில் பறப்பது ஒன்று. தெருவில் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றில் செய்வது ஒன்று. நான் ஓட்டியது 'ஃப்ளாட்லேண்ட்'. மேடை கிடையாது, மேடு கிடையாது. சமதளமான தரை மட்டும் போதும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் அச்சில் குட்டையான இரும்புக் குழாய் பொருத்தியிருக்கும், 'பெக்' என்போம். அதன்மேல் ஏறி நின்று, ஒரே சக்கரத்தில் சைக்கிளை உருட்டிச் சுழற்றுவதுதான் விளையாட்டு. கைப்பிடியை முழு வட்டமாகத் திருப்பினாலும் பிரேக் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 'ஜைரோ' என்ற ஒரு பாகம் இருக்கும். தாமானுக்கு வெளியே சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் முதலில் அந்தப் பெயரைச் சொன்னபோது, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கிருந்தோ ஒன்றை வரவழைத்துக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் நான்கு பேர். ஒரு மலாய் நண்பன், ஒரு சீன நண்பன், என் பக்கத்து வீட்டுப் பையன், நான். சொல்லித்தர ஆள் இல்லை. கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்த வி.சி.டி. ஒன்று இருந்தது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். பிறகு திடலுக்கு ஓடிப்போய் முயற்சி செய்வோம்.

'ஹேங் ஃபைவ்' என்று ஒரு வித்தை. முன் சக்கரத்தின் பெக்கில் ஒரு காலை வைத்து, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இன்னொரு காலைத் தொங்கவிட்டபடி முன் சக்கரத்திலேயே உருண்டு போக வேண்டும். தொங்கும் காலும் இடுப்பும்தான் தராசு. எடை ஒரு விரல்கடை முன்னால் போனால் கைப்பிடியைத் தாண்டி விழுவாய். ஒரு விரல்கடை பின்னால் போனால் பின் சக்கரம் தரையில் இடிக்கும். சக்கரத்தைக் குனிந்து பார்த்தாலும் போச்சு. "ஆ, வந்துருச்சு!" என்று நினைத்தாலும் போச்சு. இந்த ஒன்றுக்கு எனக்கு எட்டு மாதம் ஆனது. முட்டிக்குக் கீழே கால் எலும்பில் பெக் இடித்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

ஒப்புக்குச் சொல்லும் பதில்

"இதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்டால், கூட்டங்களில் பேசுபவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். விளையாட்டு விடாமுயற்சியைக் கற்றுத்தருகிறது, விழுந்தால் எழ வேண்டும் என்று சொல்லித்தருகிறது, பிற்காலத்தில் வேலைக்கு உதவும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். நேர்முகத் தேர்வில் ஹேங் ஃபைவ் பற்றி யாரும் கேட்கவில்லை. விடாமுயற்சிதான் நோக்கம் என்றால், அதைக் கணக்குப் பாடத்திலேயே கற்றிருக்கலாம். கையோடு ஒரு 'ஏ'வும் கிடைத்திருக்கும். நாங்கள் நான்கு பேரும் விடாமுயற்சியைக் கற்றுக்கொள்ளத் திடலுக்குப் போகவில்லை. அந்தச் சைக்கிள் எங்களை இழுத்தது, போனோம். அதுதான் உண்மை.

இன்னொரு பதில் இப்போது புதிதாகக் கிடைத்திருக்கிறது: ஒலிம்பிக். பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008-ல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக்குக்கு வந்தது. ஃப்ரீஸ்டைலில் 'பார்க்' பிரிவு, 2021-ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. "பாருங்கப்பா, இதுக்கும் தங்கப் பதக்கம் இருக்கு" என்று இன்றைய பையன் சொல்லலாம். ஆனால் அந்தப் பதக்கம் உலகத்தில் எத்தனை பேருக்கு? ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர். மற்ற லட்சக்கணக்கான பேரின் உழைப்பெல்லாம் வீண் என்று அர்த்தமா? நான் ஓட்டிய ஃப்ளாட்லேண்ட் இன்னும் ஒலிம்பிக்கில் இல்லவே இல்லை. ஆக, பதக்கத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இப்படிப் பதில் தேடும்போதெல்லாம் நாம் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஒரு செயலுக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் அது வேறு எதற்காவது உதவ வேண்டும் என்று ஏற்றுக்கொண்டு பேசுகிறோம். படிப்பு வேலைக்கு உதவ வேண்டும். வேலை வீட்டுக் கடனுக்கு உதவ வேண்டும். வீடு பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும். சரி, இந்தச் சங்கிலி எங்கே போய் முடிகிறது? எல்லாமே இன்னொன்றுக்காகத்தான் என்றால், எது அதற்காகவே செய்யப்படுகிறது?

வாசலில் இருந்த விடை

இதற்கு விடை எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோலம் போடுவார். தாமான் வீடு, சின்னப் போர்ட்டிக்கோ, அதில் பாதி இடம் அப்பாவின் மோட்டாருக்கு. மீதி இடத்தில் புள்ளி வைத்துப் போடுவார். எட்டு மணிக்குத் தபால்காரர் மிதித்துவிட்டுப் போவார். மழை வந்தால் அதற்கும் முன்பே போய்விடும். அடுத்த வெள்ளி மறுபடியும் போடுவார். ஒரு புள்ளி தவறினால் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். பார்ப்பதற்கு யாரும் இல்லாத விடியற்காலையிலும் அப்படித்தான்.

"இதனால் என்ன பிரயோசனம்?" என்று அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. லட்சுமி வருவாள், எறும்புக்கு உணவு என்று காரணங்கள் சொல்வார்கள். அம்மா கோலம் போடும்போது அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கை, கண், மனம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. நான் சிமெண்ட் தரையில் சக்கரத்தால் போட்ட வட்டமும் அதே வகைதான். ஒரு தடமும் மிஞ்சாது. அடுத்த நாள் மறுபடியும் போட வேண்டும்.

நம் மரபுக்கு இது புதிய விஷயம் அல்ல. இறைவன் ஏன் உலகைப் படைத்தான் என்ற கேள்விக்கு நம் பெரியவர்கள் சொன்ன பதில்களில் ஒன்று 'லீலை', அதாவது விளையாட்டு. அவனுக்கு ஒரு குறையும் இல்லை. இதைச் செய்து அவன் பெற வேண்டியது ஒன்றும் இல்லை. நிறைவிலிருந்து வருவது விளையாட்டு. சிவபெருமானின் செயல்களுக்கே 'திருவிளையாடல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். பிட்டுக்கு மண் சுமக்க வந்த இடத்திலும் அவர் ஆடிப்பாடிக்கொண்டு திரிந்ததாகத்தான் கதை சொல்கிறோம். இப்படிப்பட்ட மரபில் பிறந்த நாம், மேடையில் "பலனை எதிர்பார்க்காதே" என்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் "என்னா பிரயோசனம்?" என்று கேட்கிறோம். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆக, அப்பாவின் கேள்விக்கு என் பதில் இது: ஒரு பிரயோசனமும் இல்லை, அப்பா. பிரயோசனம் இல்லாமலே நல்லதாக இருக்கும் விஷயங்கள் உலகில் உண்டு. மற்ற வேலைகளை எல்லாம் நாம் செய்வதே அவற்றுக்கு இடம் உண்டாக்கத்தான்.

அம்மாவின் கேள்வி

இத்தோடு கட்டுரையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அம்மாவின் கேள்வி மிச்சம் இருக்கிறது. அதுதான் கடினமான கேள்வி.

பிடித்திருக்கிறது, மனம் முழுதாக ஈடுபடுகிறது என்பதற்காக ஒன்று சரியாகிவிடுமா? நடு இரவில் நெடுஞ்சாலையில் மோட்டார் ரேஸ் விடுபவனுக்கும் மனம் முழுதாகத்தான் ஈடுபடுகிறது. அவனிடம் கேட்டால் அவனும் "அந்த நேரத்துல வேற ஒன்னும் தெரியாதுண்ணே" என்பான்.

2017 பிப்ரவரி 18-ஆம் தேதி விடியற்காலை ஜொகூர் பாருவில் நடந்ததை நம் நாட்டில் யாரும் எளிதில் மறக்க முடியாது. 'பாசிக்கால் லாஜாக்' என்று சொல்லப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் ஜாலான் லிங்காரான் டாலாமில் கூடியிருந்த இளைஞர்கள்மீது ஒரு கார் மோதியது. 13 முதல் 16 வயது வரையிலான எட்டுப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் என்னால் மற்றவர்களைப் போல "பெத்தவங்க என்னா செஞ்சாங்க?" என்று பேசிவிட்டுப் போக முடியவில்லை. எங்களுக்கும் அதே வயதுதான் இருந்தது. சைக்கிள்மேல் அதே பைத்தியம்தான். எங்கள் தாமானில் ஒரு சிமெண்ட் திடல் இருந்தது. அங்கே இரவு எட்டு மணிவரை விளக்கு எரிந்தது. பெரிய வித்தியாசம் அதுதான். "ரோட்டில் விளையாடாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லும் உரிமை, விளையாட ஓர் இடம் கொடுத்த சமுதாயத்துக்குத்தான் முழுமையாக உண்டு.

ஆனாலும் அந்தச் சம்பவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. சாலையில் ஆடும் ஆட்டத்துக்கான விலையை ஆடுபவன் மட்டும் கொடுப்பதில்லை. காரில் வருபவர், பின்னால் வரும் மோட்டார்காரர், வீட்டில் காத்திருப்பவர்கள் என்று எல்லார் தலையிலும் அது விழுகிறது. அவர்கள் யாரும் அந்த ஆட்டத்துக்குச் சம்மதம் சொன்னதில்லை. பூப்பந்துத் திடலில் நான் விழுந்தால், அடிபடுவது என் கால் எலும்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. ஓர் ஆசை எவ்வளவு ஆபத்தானது என்று கேட்பதற்கு முன், ஆபத்து யாருடையது என்று கேட்க வேண்டும்.

"அப்படியென்றால் என் உடம்பு, என் இஷ்டம்" என்று ஒருவர் சொல்லலாம். அங்கேதான் அம்மாவின் கேள்வி மறுபடி வந்து நிற்கிறது: "யாருடா பார்க்கிறது?" உடம்பு என்னுடையதுதான். ஆனால் அது உடைந்தால் மருத்துவமனையில் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கப்போவது அம்மா. வேலைக்கு லீவு போட்டுச் சம்பளம் இழக்கப்போவது அப்பா.

டேவ் மிர்ரா என்ற அமெரிக்கர் இந்த விளையாட்டின் மாபெரும் வீரர்களில் ஒருவர். எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் 24 பதக்கங்கள் வென்றவர். எங்கள் வி.சி.டி.யிலும் அவர் இருந்தார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். 2016 பிப்ரவரியில், 41 வயதில் இறந்தார். பிறகு அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுபவர்களுக்கு வரும் சி.டி.இ. என்ற நோய் அவருக்கு இருந்ததைக் கண்டறிந்தார்கள். மனைவியும் இரண்டு மகள்களும் உள்ள மனிதர். பதக்கம் அவருக்கு, துக்கம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் ஆபத்துள்ள எதையும் செய்யவே கூடாதா? அப்படியும் இல்லை. தோக்கியோவில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற பிரிட்டன் வீராங்கனை சார்லட் வொர்த்திங்டனை எடுத்துக்கொள்வோம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை சமையல்காரராக வேலை பார்த்தவர். இறுதிச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்புகள். ஆகாயத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே ஒரு முழுச் சுற்றும் சுற்றும் வித்தையை முதல் வாய்ப்பில் முயன்று விழுந்தார். மிஞ்சி இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. எளிதாக ஒன்றைச் செய்து ஏதோ ஓர் இடத்தைப் பிடித்திருக்கலாம். அவர் மறுபடியும் அதையே செய்தார். இந்த முறை சரியாக இறங்கி, 97.50 புள்ளிகள் பெற்றார்.

பார்ப்பவர்களுக்கு இது முரட்டுத் துணிச்சல் மாதிரி தெரியும். இப்படிப்பட்ட வித்தைகளை நுரைப்பஞ்சு நிரப்பிய குழியில் விழுந்து விழுந்து பழகிய பிறகுதான் கெட்டியான மேடைக்குக் கொண்டு வருவார்கள். தலைக்கவசம் இருக்கும். எங்கே விழுந்தால் எப்படி உருள வேண்டும் என்பதும் பயிற்சியில் ஒரு பாகம். தன் அளவை அறிந்து, தயாராகி, விலையைத் தானே ஏற்றுக்கொண்டு எடுக்கும் ஆபத்து ஒரு வகை. கூட்டம் கைதட்டுகிறது என்பதற்காக எடுக்கும் ஆபத்து வேறு வகை. முதலாவதில் பயம் கூடவே இருந்து வழிகாட்டும். இரண்டாவதில் பயத்தை மறைக்க வேண்டியிருக்கும்.

கூரை யார் போட்டது?

விலை என்று பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் திடலில் சுற்றிக்கொண்டிருந்த அதே மாலைகளில் அப்பா துறைமுகத்தில் வரிசையில் லோரியோடு காத்திருந்தார். சில இரவு லோரியிலேயே தூங்குவார். அவருடைய முதுகுவலி அப்போதே ஆரம்பித்துவிட்டது. அவரும் உடம்பைத்தான் செலவு செய்தார். எனக்குத் தழும்பு காலில். அவருக்கு வலி முதுகுத்தண்டில். என்னுடையது விளையாட்டுக்காக, அவருடையது அரிசிக்காக.

விளையாட்டு ஒன்றும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு பிள்ளை மாலை ஐந்து மணிக்குக் கவலையில்லாமல் திடலுக்குப் போகிறான் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தை யாரோ தன் உழைப்பால் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் தாத்தாவுக்குப் பதினைந்து வயதில் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை. அப்பாவுக்கும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. மூன்று தலைமுறையில் முதல் முறையாக எங்கள் குடும்பத்தில் ஒருவன் ஒரு காரணமும் இல்லாமல் விளையாடினான்.

இதை நான் குற்ற உணர்வோடு சொல்லவில்லை. பெருமையோடும் நன்றியோடும் சொல்கிறேன். அப்பாவுக்கு அந்தச் சைக்கிள் கடைசிவரை புரியவில்லை. ஆனால் ஒரு நாள் பின் சக்கரத்தில் கம்பி உடைந்தபோது, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், வேலைக்குப் போகும் வழியில் தவுக்கேயிடம் கொடுத்துச் சரிபண்ணி வைத்திருந்தார். "எவ்ளோப்பா?" என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கு? போய்ச் சுத்து" என்றார். அவருடைய கேள்வி கடைசிவரை மாறவில்லை. பதில் வரும்வரை எனக்கு நேரம் கொடுத்தார். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய காரியங்களில் அதுவும் ஒன்று என்று இப்போது நினைக்கிறேன்.

என்ன மிஞ்சியது?

எனக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. முட்டி முன்பு மாதிரி மடங்குவதில்லை. எட்டு மாதம் பாடுபட்டுக் கற்ற ஹேங் ஃபைவ் இப்போது வராது. சைக்கிள் கைமாறிப் பல வருடம் ஆகிறது. ஒருவன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பெற்றது இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்றால், அது என்ன சம்பாத்தியம்?

திறமை போய்விட்டது, உண்மைதான். ஆனால் ஓர் அளவுகோல் மிஞ்சியிருக்கிறது. ஒரு வேலையில் மனம் துளிகூடச் சிதறாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 17 வயதில், வியர்வை வழிய, ஒற்றைச் சக்கரத்தில் ஐந்து வினாடி உருண்டபோது அதைத் தெரிந்துகொண்டேன். அதனால் இன்று ஒரு வேலையை அரை மனதோடு செய்யும்போது, அது அரை மனது என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனம் வேறெங்கோ இருந்தால் தெரிகிறது. கோயிலில் கைகூப்பி நின்று, உள்ளுக்குள் கார் நிறுத்திய இடத்தை யோசித்துக்கொண்டிருந்தால் தெரிகிறது. மகள் பேசும்போது நான் சும்மா "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் தெரிகிறது. முழு மனது என்பதை ஒருமுறைகூட அறியாதவனுக்கு அரை மனதுதான் முழு மனது என்று தோன்றும். பாவம், அவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

இதைப் பயன் என்று சொல்ல மாட்டேன். இதற்காக நான் சைக்கிள் ஓட்டவில்லை. கோலம் அழிந்த பிறகு தரையில் கொஞ்ச நேரம் மாவு வாசம் இருக்குமே, அது மாதிரி.

உங்களுக்கு ஒரு வார்த்தை

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குப் பிடித்தது பி.எம்.எக்ஸ். ஆக இருக்க வேண்டியதில்லை. சிலம்பமாக இருக்கலாம், ஃபுட்சாலாக இருக்கலாம், பறவை பார்ப்பதாக இருக்கலாம், யாரும் வாங்காத ஒரு கதையை எழுதுவதாக இருக்கலாம். அதை யாராவது கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். பொய்யான பதிலும் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, உங்களை நீங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வேனா? இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஒரு வித்தை வருவதற்கு முன்பே அதை எங்கே போடுவது என்று யோசிக்கும் காலம். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஒரு வாரம் போய்ப் பாருங்கள். அப்போதும் கால் தானாக அங்கே போகிறதென்றால், அது உங்களுடையது. போகவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்தது அந்த விளையாட்டு இல்லை, கைதட்டல்.

விழுந்தால் விலை கொடுப்பது யார்? உங்களைத் தவிர வேறு யாராவது, அதுவும் சம்மதம் சொல்லாத ஒருவர், கொடுக்க வேண்டியிருந்தால், இடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். தலைக்கவசம் போடுவது பயந்தவன் செய்யும் காரியம் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மருத்துவமனை நாற்காலியில் உட்காரப்போவது அவன் அம்மா இல்லை.

இந்த நேரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது யார்? பதில் தெரிந்தால் போதும். அதற்காக விளையாட்டை நிறுத்த வேண்டாம். வீட்டுக்குப் போகும்போது அவருக்கு ஒரு தே தாரே வாங்கிக்கொண்டு போங்கள். இன்று என்ன பழகினீர்கள் என்று, அவருக்குப் புரியாவிட்டாலும், உட்கார்ந்து சொல்லுங்கள்.

இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், பிரயோசனத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். போய் ஆடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் ஒரு திடலும், எட்டு மணிவரை எரியும் ஒரு விளக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், அதை ஏற்பாடு செய்வது இனி நம் வேலை.